வரப்பைக் கடக்கும் வேளாண் அறிவு

மகாராஷ்டிர மாநிலம் சந்திரப்பூர் மாவட்டத்தில் நாண்டேட் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரைச் சேர்ந்த தாதாஜி கோப்ரகடே சிறிதளவு நிலமே உடைய விவசாயி. 1983ஆம் ஆண்டில் தம் வயலில் விளைந்து நின்ற 'பட்டேல் 3' நெல்லுக்கிடையே, நிறத்தில் வேறுபட்ட சில கதிர்களை அவர் கண்டார். அவற்றைத் தனியே கொய்து வைத்துப் பருவந்தோறும் விதைத்தும் தெரிந்தெடுத்தும் வந்ததில், சில ஆண்டுகளில் சன்ன அரிசி தரும் புதிய இரகம் ஒன்று உருவாயிற்று. விதை கேட்டு வந்த அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு அவர் அதைக் கொடுத்தார். பெயரில்லாத அந்த நெல்லை வாங்கிய வியாபாரி ஒருவர், அந்நாளில் மக்களிடையே பெயர் பெற்றிருந்த கைக்கடிகாரத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். 'எச்.எம்.டி.' நெல் பின்னர் பல மாநிலங்களில் பரவியது. தேசியப் புதுமை நிறுவனம் 2005ஆம் ஆண்டில் கோப்ரகடேக்கு விருது வழங்கிச் சிறப்பித்தது. எனினும் 2018ஆம் ஆண்டில் அவர் காலமாகும் வரை, அந்த நெல்லால் அவர் பெற்ற பொருட்பயன் மிகச் சொற்பமே.

ஒரு சிறு விவசாயியின் கண்டுபிடிப்பு எந்த அலுவலகத்தின் துணையுமின்றி வரப்பு வரப்பாகக் கடந்து சென்றது என்பதைக் கண்டு நாம் மகிழலாம். ஆனால் வேளாண் வளர்ச்சியில் அக்கறை உள்ளவர்கள் அத்துடன் நின்றுவிட இயலாது. கொடுத்தவருக்கு அதனால் என்ன கிடைத்தது? தாம் கண்டறிந்ததை மற்றொருவருக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் ஒரு விவசாயிக்கு ஏன் தோன்ற வேண்டும்? நமது விரிவாக்கத் திட்டங்கள் நெடுங்காலமாக இக்கேள்வியைக் கேட்டதில்லை. நல்ல முறையை ஒருவருக்குக் கற்பித்துவிட்டால், நீர் பள்ளத்தை நாடுவதுபோல அது தானே ஊர் முழுவதும் பரவிவிடும் என்றே அவை எண்ணி வந்துள்ளன.

அண்டை வயலே பள்ளிக்கூடம்

2015-16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டின் நிலக் கைப்பற்றுகளில் 86 சதவிகிதம் 2 ஹெக்டேருக்கு உட்பட்டவை. ஒரு கைப்பற்றின் சராசரி அளவு 1.08 ஹெக்டேர். ஏறத்தாழ 14.6 கோடிக் கைப்பற்றுகளுக்கும் அரசு ஊழியர் ஒருவர் நேரில் சென்று ஆலோசனை கூறுவதென்பது நடவாத காரியம்.

விவசாயிகள் நடைமுறையில் யாரிடம் கேட்டறிகிறார்கள்? தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நிறுவனம் 2003ஆம் ஆண்டில் தனது 59ஆவது சுற்றில் இதை ஆராய்ந்தது. புதிய தொழில்நுட்பம் பற்றி ஏதேனும் ஒரு வழியில் தகவல் பெற்ற விவசாயக் குடும்பங்கள் 40 சதவிகிதமே. மற்ற முன்னேறிய விவசாயிகளிடமிருந்து தகவல் பெற்றவர்கள் 16.7 சதவிகிதம், உரம், விதை, பூச்சிமருந்து விற்பவர்களிடமிருந்து பெற்றவர்கள் 13.1 சதவிகிதம், வானொலி வழியாகப் பெற்றவர்கள் 13 சதவிகிதம். விரிவாக்க ஊழியரிடமிருந்து பெற்றவர்கள் 5.7 சதவிகிதம் மட்டுமே. விவசாயியின் முதல் ஆசிரியர் மற்றொரு விவசாயி என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. அவருக்கு அடுத்த இடத்தில் அமர்ந்திருப்பவர் மருந்துக்கடைக்காரர் என்பதும் கவனிக்கத்தக்கது. பக்கத்து வயல்காரர் வாய் திறக்காத ஊரில், பூச்சி விழுந்த இலையைக் கையில் எடுத்துக்கொண்டு விவசாயி நேரே கடைக்குத்தான் செல்கிறார். விற்பவரே மருத்துவராகவும் இருக்கும்போது மருந்துச் சீட்டு நீளமாகத்தான் இருக்கும். அதன் செலவு கடனாக நிலத்தின் மீது ஏறுகிறது.

தொடர்பு விவசாயி

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, பல துறைகளுக்கும் பொதுவான கிராம சேவக் ஊர்களுக்கு வந்தார். 1960-61இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அங்கு 'பாக்கேஜ் திட்டம்' என்றால் அந்தத் தலைமுறை விவசாயிகளுக்குத் தெரியும். 1960களின் நடுப்பகுதியில் அம்மாவட்டத்தில் ஆடுதுறை 27 நெல் வேகமாகப் பரவியபோது, திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுப் பயிரிட்ட விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர்.

அதே காலத்தில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் தேசிய செயல்விளக்கத் திட்டத்தைத் தொடங்கியது. விஞ்ஞானிகளே விவசாயிகளின் வயலில் இறங்கிப் புதிய இரகங்களைப் பயிரிட்டுக் காட்டினர். இத்திட்டத்தில் பெரும்பங்கு கொண்ட டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன், செயல்விளக்கத் திடல்கள் வசதி குறைந்த சிறு விவசாயிகளின் நிலத்தில் அமைய வேண்டும் என்று வலியுறுத்தினார். செல்வரின் வயலில் நல்ல விளைச்சல் கண்டால், அது அவருடைய செல்வத்தின் விளைச்சல் என்று ஊரார் எண்ணிவிடுவார்கள் என்பதே காரணம். இந்தச் சிறு உண்மையைப் பின்வந்த திட்டங்கள் பல மறந்துவிட்டன.

1974ஆம் ஆண்டில் சம்பல் பாசனப் பகுதியில் 'பயிற்சியும் பார்வையிடலும்' என்னும் முறை தொடங்கியது. டேனியல் பெனோர் வகுத்த இம்முறை, உலக வங்கியின் உதவியோடு 1980களில் பெரும்பாலான பெரிய மாநிலங்களுக்குப் பரவியது. ஒவ்வொரு விரிவாக்க ஊழியரின் பகுதியும் எட்டுக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குறித்த நாளில் ஊழியர் ஒவ்வொரு குழுவையும் சந்திக்க வேண்டும். குழுவில் பத்தில் ஒருவர் 'தொடர்பு விவசாயி'யாகத் தெரிந்தெடுக்கப்படுவார். ஊழியர் அவருக்குச் சொல்வார். அவர் மற்ற ஒன்பது பேருக்குச் சொல்வார்.

காகிதத்தில் இதில் குறை காண முடியாது. ஊழியருக்கு நாள் குறித்த அட்டவணை, மேற்பார்வை, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பயிற்சி, அதற்கான ஊதியம் எல்லாம் இருந்தன. தொடர்பு விவசாயிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. எனினும் சங்கிலியின் கடைசி வளையமாக அமைந்து முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியவர் அவரே. மேலும், தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சற்று அதிக நிலமும் கல்வியும் உடையவர்களாக இருந்தனர். கிணறும் டிராக்டரும் வைத்திருப்பவர் செய்வதை மானாவாரிக் கால் ஏக்கர்காரர் தமக்கான பாடமாகக் கொள்வதில்லை. 1990களில் இம்முறை கைவிடப்பட்டதற்குச் செலவு மிகுதி முதலான காரணங்கள் கூறப்பட்டன. தொடர்பு விவசாயி தொடர்பு கொள்ளாததும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

சொல்லாததற்குக் காரணங்கள்

விவசாயி தாம் அறிந்ததை மறைக்கிறார், பொறாமை கொள்கிறார் என்று அலுவலர்கள் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். பொறாமை இல்லாத தொழில் எதுவுமில்லை. ஆனால் அதை முதற்காரணமாகக் கொள்வது சோம்பலான விளக்கம். சொல்வதற்குச் செலவு உண்டு. நடவு நாளில் மற்றொருவர் வயலுக்குச் சென்று நாற்றின் வயதையும் இடைவெளியையும் காட்டித் தரும் விவசாயி, தம் அரைநாள் கூலியை இழக்கிறார். அதைவிடப் பெரியது பழி. அவர் சொன்ன முறையில் பயிரிட்டு மழை பொய்த்தால், மழையை யாரும் ஏசமாட்டார்கள். ஊரில் நாளையும் அதே மடையில் தண்ணீர் திறக்க வேண்டியவர் அந்தப் பழியை எளிதில் ஏற்கத் துணிவதில்லை. அரசு அலுவலருக்கு அந்த அச்சமில்லை. மாற்றல் ஆணை வந்தால் அவர் வேறு ஊருக்குப் போய்விடலாம். காய்கறி பயிரிடுவோருக்கு இன்னுமொரு கணக்கும் உண்டு. முன்பட்டத்தில் தக்காளி கொண்டுவரும் உத்தியைப் பத்துப் பேர் கற்றுக்கொண்டால், அருகிலுள்ள சந்தையில் விலை விழும். நெல்லுக்கும் கோதுமைக்கும் பொருந்தாத இந்த அச்சம் காய்கறிக்கு நியாயமானதே.

கேட்பவர் பக்கமும் தயக்கம் உண்டு. 1968 முதல் 1971 வரை நாட்டின் பல பகுதிகளிலும் திரட்டப்பட்ட விவசாயக் குடும்பங்களின் விவரங்களைப் பின்னாளில் ஆராய்ந்த பொருளாதார அறிஞர் கைவன் முன்ஷி, கோதுமை விவசாயிகள் அண்டை வயலின் அனுபவத்தைப் பார்த்து உயர்விளைச்சல் இரகங்களுக்கு மாறியதையும், நெல் விவசாயிகள் அந்த அளவுக்கு மாறாததையும் எடுத்துக்காட்டினார். நெல் விளையும் பகுதிகளில் வயலுக்கு வயல் மண்ணும் நீரும் மாறுபடும். அக்காலத்து நெல் இரகங்களும் அந்த மாறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளாதவை. பக்கத்து மேட்டு வயலில் விளைந்தது தம் பள்ள வயலில் விளையுமா என்பது நெல் விவசாயிக்கு உறுதியில்லை. அதனால் அவர் தம் நிலத்தில் தாமே சிறிதளவு பயிரிட்டுப் பார்க்க முற்பட்டார். இதைப் பிடிவாதம் என்று பெயரிட்ட அறிக்கைகள், மண்ணைப் பாராமல் மனிதரைப் பழித்தன எனலாம்.

அதே காலத்து விவரங்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஃபாஸ்டர், மார்க் ரோசன்ஸ்வைக் ஆகியோர் வேறொன்றைக் கண்டனர். அண்டை விவசாயியின் அனுபவம் ஒருவருடைய இலாபத்தைக் கூட்டுகிறது. ஆனால் முதலில் துணிந்து பயிரிடுபவர், தம் சோதனையால் மற்றவர் பெறப்போகும் நன்மையைத் தம் கணக்கில் முழுமையாகச் சேர்ப்பதில்லை. அவர் ஏன் சேர்க்க வேண்டும்? இழப்பு நேர்ந்தால் அது அவருடையது. ஆதாயம் வந்தால் ஊருக்கும் பங்கு. ஆகவே ஊருக்கு வேண்டிய அளவுக்குச் சோதனை நடைபெறாமல் போகிறது. ஊர்க்குளத்தைத் தூர்வார ஒருவரே முன்வராததைப் போன்றதே இதுவும்.

இவற்றோடு சாதியும் உறவும் போடும் வேலிகளையும் மறக்கலாகாது. ஒடிசா மாநிலத்தின் பத்ரக் மாவட்டம் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கும் பகுதி. இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கினாலும் பிழைத்தெழும் சுவர்ணா-சப் 1 நெல் அங்கு அறிமுகமானபோது, கைல் எமரிக் என்னும் ஆய்வாளர் சில ஊர்களில் ஒருசில விவசாயிகளுக்கு மட்டும் விதை கொடுத்து, அது கைமாறிச் செல்வதைக் கவனித்தார். வேறு ஊர்களில் விதை வீடு வீடாகக் கொண்டு சென்று விற்கப்பட்டது. வீடு தேடிச் சென்ற ஊர்களில் வாங்கியவர்கள் பன்மடங்கு அதிகம். விவசாயிகளின் கைவழியே சென்ற விதை, உட்சாதி, குடும்பப் பெயர் ஆகிய உறவு வட்டங்களைத் தாண்டத் தயங்கியது. விதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டியவர்கள் பலரின் வாசலுக்கு அது வரவில்லை, அவ்வளவே. 'விவசாயியிடமிருந்து விவசாயிக்கு' என்னும் வழியை நம்பி அரசு முற்றிலும் ஒதுங்கிவிட்டால், ஊரில் கடைசித் தெருவில் இருப்பவருக்கு வெள்ளத்தைத் தாங்கும் நெல் கடைசியில்தான் போய்ச் சேரும். அவருடைய நிலமோ பெரும்பாலும் முதலில் மூழ்குவது.

கைமாறுவதும் மாறாததும்

எல்லா அறிவும் ஒரே வகையில் பயணம் செய்வதில்லை. விதையை மடியில் முடிந்து கொடுத்துவிடலாம். நமது பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001, விவசாயி தம் விளைபொருளை, விதை உட்பட, சேமிக்கவும் பகிரவும் பரிமாறவும் விற்கவும் உரிமை அளிக்கிறது. பாதுகாக்கப்பட்ட இரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டும் தடை உள்ளது. ஆனால் வீரிய ஒட்டு விதைகளை அடுத்த பருவத்துக்கு எடுத்து வைத்தால் பயன் குன்றும். அவை பரவிய பயிர்களில் விதையோடு கூடவே வந்த பேச்சும் குறைந்து, கடையே இரண்டுக்கும் இடமாகிவிட்டது.

பூச்சி மேலாண்மை போன்ற அறிவு மேலும் கடினமானது. இந்தோனேசியாவில் 1989ஆம் ஆண்டில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகள் இந்தியாவிலும் பின்பற்றப்பட்டன. ஒரு பருவம் முழுவதும் வாரந்தோறும் வயலில் கூடி, தீமை செய்யும் பூச்சிகளையும் அவற்றை உண்ணும் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களையும் எண்ணிப் பார்த்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று விவசாயிகளே முடிவு செய்யும் பள்ளி அது. கற்றவர்கள் நன்றாகவே கற்றனர். ஆனால் இந்தோனேசியாவில் பின்னர் நடந்த ஒரு மதிப்பீடு, அவர்களுடைய அறிவு கல்லாத அண்டை விவசாயிகளுக்குக் குறிப்பிடத்தக்க அளவில் செல்லவில்லை என்று கண்டது. இதில் வியப்பில்லை. பன்னிரண்டு வாரம் கண்ணால் கண்டு பழகியதைத் தேநீர்க் கடையில் இரண்டு நிமிடத்தில் எவ்வாறு சொல்வது? இவ்வகை அறிவைப் பகிர வேண்டுமானால், கற்றவர் மீண்டும் ஒரு பருவம் வயலில் நின்று கற்பிக்க வேண்டும். அதற்கு யாராவது அவருக்கு ஈடு செய்தாக வேண்டும்.

ஊக்கம் அளிப்பது எவ்வாறு?

இதற்கு விடை காண ஒரு முறையான சோதனை ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் நடந்தது. நம்மைப் போலவே சிறு நிலங்களும் விரிவாக்க ஊழியர் பற்றாக்குறையும் உள்ள நாடு அது. ஏரியல் பென்யிஷாய், முஷ்ஃபிக் மொபாரக் ஆகிய அறிஞர்கள், மக்காச்சோளத்துக்குக் குழி நடவு செய்தல், மக்கிய உரம் தயாரித்தல் ஆகியவற்றைப் பரப்பும் பொறுப்பைச் சில ஊர்களில் அரசு ஊழியரிடமும், சில ஊர்களில் முன்னோடி விவசாயியிடமும், வேறு சில ஊர்களில் ஊராரைப் போன்ற சாதாரண விவசாயிகள் சிலரிடமும் ஒப்படைத்தனர். பாதி ஊர்களில், ஊரார் கற்றுக்கொண்டால் அவர்களுக்கு ஒரு சிறு பொருள் பரிசாகக் கிடைக்கும் என்று அறிவித்தனர். 2019ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: பரிசு இருந்த ஊர்களில் சாதாரண விவசாயிகளே எல்லாரினும் சிறந்த ஆசிரியர்களாயினர். தங்களைப் போன்ற நிலமும் வசதியும் உடையவர் சொன்னதை ஊரார் நம்பினர். பரிசு இல்லாத ஊர்களிலோ அவர்கள் பிறருக்குச் சொல்லவில்லை என்பது மட்டுமன்று, தாமே அதைச் சரியாகக் கற்கவும் முயலவில்லை.

இந்தப் பின்கூற்றை நமது அலுவலர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். பயிற்சி முகாமில் அமர்ந்து மதிய உணவு உண்டு திரும்பும் விவசாயி ஊரில் எதுவும் சொல்வதில்லை என்றால், அவர் அங்கேயே கற்காமல் இருந்திருக்கக் கூடும். சொல்ல வேண்டிய தேவை இருக்கும் என்று அறிந்தவரே கவனித்துக் கேட்பார். இது மாணவர்களுக்கும் தெரியாததன்று.

நம் நாட்டிலும் இந்தத் திசையில் அடிகள் எடுத்து வைக்கப்பட்டுள்ளன. வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை (ஆத்மா) திட்டத்தில், முன்னேறிய விவசாயியின் வயலிலேயே பண்ணைப் பள்ளி நடத்தவும், இரண்டு கிராமங்களுக்கு ஒரு 'விவசாயி நண்பரை' அமர்த்தவும் வகை செய்யப்பட்டது. ஆந்திரப் பிரதேசத்தில் 2016 முதல் மாநில அரசின் ரைத்து சாதிகார சம்ஸ்தா இயற்கை வேளாண்மையைப் பரப்பி வருகிறது. அதன் விளைச்சல் குறித்து விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வாதத்துக்குள் நாம் இங்கே புக வேண்டியதில்லை. பரப்பிய முறையே நாம் கவனிக்க வேண்டியது. தம் வயலில் செய்து காட்டிய விவசாயிகளையே மதிப்பூதியம் தந்து சமுதாய வள நபர்களாக அமர்த்தினர். பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் பேசும் களமாயின. கடன் தவணைக்காகக் கூடும் குழுவில், யார் வீட்டுத் தோட்டத்தில் என்ன நடந்தது என்பதும் தானே வெளிவரும். தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, 30,000 கிருஷி சகிகளையும் சமுதாய வள நபர்களையும் அமர்த்துவது அதில் சேர்க்கப்பட்டது.

மதிப்பூதியம் ஒரு மருந்து. அளவு மிஞ்சினால் அதுவும் தீங்கு செய்யும். ஊதியம் வாங்குபவர் நாளடைவில் ஊராருக்கு அரசாங்க ஆளாகத் தோன்றத் தொடங்குவார். படிவங்கள் நிரப்பச் சொன்னால் பாதி நேரம் அதற்கே போய்விடும். எனவே தொகை, அவர் இழக்கும் கூலிக்கு ஈடாக இருந்தால் போதும். எத்தனை கூட்டம் நடத்தினார் என்பதைவிட, எத்தனை அண்டை வயல்களில் பயிர் மாறியது என்பதைப் பார்த்துத் தருவது நன்று. யாரைத் தெரிந்தெடுப்பது என்பதை ஊராரிடமே, அதிலும் குத்தகைதாரர்களும் பெண்களும் அமர்ந்துள்ள கூட்டத்தில், கேட்பது வழக்கமாக வேண்டும். "உங்கள் வயலில் நோய் கண்டால் முதலில் யாரைக் கேட்பீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். அதற்கு வரும் பெயர், வயல் விழாக்களில் வழக்கமாக மாலை ஏற்கும் பெயராக இருப்பது அரிது. ஒரே தெருவிலிருந்து ஒருவரை மட்டும் எடுக்காமல் ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் ஒருவரை எடுப்பதற்கான காரணம் பத்ரக் மாவட்டத்தில் கிடைத்துவிட்டது.

மேலும் ஒன்று பழிக்கான காப்பு. புதிய முறையைத் தம் நிலத்தின் ஒரு மூலையில் மட்டும் முதற்பருவத்தில் செய்து பார்க்குமாறு கேட்பவருக்குச் சொல்ல வேண்டும். அந்த மூலைக்கான விதையையும் உரத்தையும் வேளாண்மைத் துறையே ஏற்கலாம். அப்போது விளையாமல் போனால் இழப்பு சில சால்களோடு நின்றுவிடும். சொன்னவரும் கேட்டவரும் மடையில் சந்திக்கும்போது முகம் திருப்ப வேண்டியதில்லை. செயல்விளக்கத் திடல்களில் வென்றவற்றுக்கு மட்டுமே பெயர்ப்பலகை வைக்கும் வழக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம். கருகிப்போன திடலின் முன் வயல் விழா நடத்தி, என்ன நேர்ந்தது என்று அந்த விவசாயியையே பேசச் சொல்லும் வட்டாரங்களில், அடுத்த பருவத்தில் கூட்டம் குறையாது. மலர் மாலையும் சால்வையும் அவருக்கும் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.